துணைக்கு வந்தவரிடம் பதினெட்டுக் கேள்விகள்

“மூணு விஷயம்,” என்றார் கவுன்டரில் இருந்தவர். நாங்களும் மூன்று பேராக நின்றதால், ஆளுக்கொன்றாகப் பிரித்துத் தரப்போகிறவர் மாதிரி எங்களைப் பார்த்தார். “ஒண்ணு, உடம்புல குறை இருக்கணும். ரெண்டு, அந்தக் குறையாலதான் வேலை கிடைக்காம இருக்கணும். மூணு, நாங்க சொல்லிக் கொடுத்தா வேலை பார்க்க முடியணும். மூணும் இருந்தாதான் பயிற்சிக்குத் தகுதி. ரெண்டரை இருந்தாக்கூட கிடையாது.”

“அதென்னங்க, முடியாதுன்னும் காட்டணும், முடியும்னும் காட்டணுமா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமா. அதப் பார்க்கத்தான் உள்ள மேடம் இருக்காங்க.”

அக்கா வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் விண்ணப்பத்தைக் கவுன்டருக்குள் தள்ளினாள். அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான். அக்காவுக்கு இடது கையால் எழுத வரும், ஆனால் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். முதல் பார்வையிலேயே கோணலாகத் தெரிய வேண்டாம் என்று என்னிடம் கொடுத்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், அட்டைப்பெட்டி கம்பெனியில், பஞ்சிங் மெஷினில் அக்காவின் வலது கை போனது. நான்கு விரல்கள் போய்க் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதிமூன்று. அதே கம்பெனியில் பசை ஒட்டும் வேலையில் இருந்த அம்மா, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பசை ஒட்டப் போனாள். அக்காவைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். ஒரு வருடம் நான்தான் அவளுக்குக் கை. ஊட்டினேன், குளிப்பாட்டினேன், பொத்தான் போட்டுவிட்டேன். பிறகு இடது கையால் ஒவ்வொன்றாக அவளே செய்துகொள்ள ஆரம்பித்தாள். பின்னல் மட்டும் வரவில்லை. ஒரு கையால் பின்னல் போட முடியாது.

என்னை யாரும் திரும்பப் பள்ளிக்கூடம் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்வதற்கே எனக்குத் தொண்டை அடைக்கும். வீட்டில் என் பெயர் ஊமைக்கோட்டான்.

அக்காவுக்கு இந்தப் பயிற்சி வேண்டும். பத்து மாதம், வேறு ஊரில், விடுதியோடு. கணினியில் பில் போடக் கற்றுக்கொடுத்து ஏதாவது பெரிய கடையில் சேர்த்துவிடுவார்கள். விஷயம் கேள்விப்பட்ட அன்றே பழைய சாமான் கடையில் ஒரு உடைந்த கீபோர்டு வாங்கிவந்தாள். அதில் ஏழெட்டு எழுத்துக்கள் இல்லை. அந்தக் குழிகளில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, மேலே பேனாவால் எழுத்து எழுதினாள். எதிலும் இணைக்காத அந்தக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தினமும் இடது கையால் தட்டுவாள். “நீளமா ஒரு பில் போட்டேன்டி, ஒரு தப்பு இல்ல,” என்பாள். தப்பு இருந்தால் யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அக்காவை மருத்துவக் குழுவுக்கு முன்னால் நிறுத்தி உதவித்தொகையைப் புதுப்பித்துக்கொண்டு வருவது அம்மாவின் வேலை. அதற்கு முந்தின வாரம் வீட்டில் ஒத்திகை நடக்கும். “இடது கையையும் தொங்கப் போடு. டாக்டர் பேனா நீட்டினா சட்டுனு வாங்காத. கீழ விழட்டும்.” அக்கா தொங்கப் போடுவாள். பேனா விழும். பணம் வரும்.

அன்று அலுவலகத்துக்கு வந்த பஸ்ஸில் அக்கா முன்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அம்மா என் காதோரம் குனிந்தாள். “துணைக்கு வந்தவங்களத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். எல்லாம் நான்தான் செய்யறேன்னு சொல்லிடு. அவ போயிட்டா பணமும் அவ பின்னாடியே போயிடும். அப்புறம் நீதான் மெஷினுக்குப் போகணும். சூப்பர்வைசர் எப்பப் பார்த்தாலும் உன்னைத்தான் கேக்கறாரு.”

அந்த சூப்பர்வைசரை எனக்குத் தெரியும். ஒருமுறை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, தூக்குவாளியைப் பிடித்திருந்த என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, “சின்னக் கை. சட்டுனு உள்ள போயி வெளிய வந்துடும்,” என்றார். பஞ்சிங் மெஷின் காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

அலுவலகத்தில், தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். “எல்லாம் அவளே செஞ்சுக்குவான்னு சொல்லு. அவ்வளவு போதும். அதிகமா ஒண்ணும் பேச வேண்டாம், உனக்குத்தான் வாயே திறக்காதே.” பிறகு சிரித்தாள். “பயப்படாத. அவங்க கடிக்க மாட்டாங்க.”

தேர்வறைக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் இருந்து பார்த்தோம். மேடம் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற மாதிரி ஆள். அக்கா துளைப் பலகையில் மரமுளைகளைச் செருகினாள். திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்தாள். ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டாள். வலது கையின் கட்டைவிரலால் துணியை அழுத்திக்கொள்ள, இடது கை அதன்பாட்டுக்கு ஓடியது. கடைசியில் நிஜமான கீபோர்டு. திரையில் எழுத்துக்கள் வருவதைப் பார்த்ததும் ஒரு நொடி கையை எடுத்துவிட்டாள். அத்தனை நாளும் வெறும் பிளாஸ்திரியைத் தட்டியவளுக்கு அது வேலை செய்கிறது என்பதே அதிர்ச்சியாக இருந்திருக்கும். பிறகு தட்டினாள். கதவு பாதி திறந்திருந்ததால் அவள் சொன்னது கேட்டது. “இன்னொரு தடவ பண்ணட்டுமா மேடம்? இதவிட வேகமா வரும்.”

“பாவி,” என்றாள் அம்மா என் பக்கத்தில். “நாலு வருஷம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் போச்சு.”

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். மேடம் ஒரு தாளை எடுத்துவைத்தார். தலைப்பு, ‘துணைக்கு வந்தவரிடம் கேட்க வேண்டிய பதினெட்டுக் கேள்விகள்’.

“தலை பின்னிவிடறது யாரும்மா? நீயா?”

தலையாட்டினேன். அது உண்மை. மேடம் எழுதினார்.

“பல் தேய்க்க?”

நான் இன்னும் தலையாட்டி முடித்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தின் மிச்சம் இருந்தது. மேடம் அதையும் எழுதினார். குளிக்க? சாப்பிட? தண்ணீர் குடிக்க? பொத்தான் போட? ஒவ்வொன்றுக்கும் தலை ஆடியது. வாயைத் திறக்க வேண்டாத பரீட்சை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பதினொன்றாவது கேள்வி கையெழுத்துப் போடுவது. அதற்கும் ஆட்டினேன்.

மேடம் பேனாவை வைத்தார். “நான் இப்ப கண்ணால பார்த்தது வேற மாதிரி இருக்கே. அரை நிமிஷத்துல சட்டைக்குப் பொத்தான் போட்டாங்க.”

இங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. காலியான மெஷினும் அதன் மேல் இருந்த டிபன் பாக்ஸும் கண்ணுக்குள் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

“இங்க செய்வா மேடம். வீட்டுக்கு வந்தா வலி தாங்காம ரெண்டு நாள் படுத்துடுவா. எல்லாம் நான்தான்.”

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாகூடச் சொல்லவில்லை. அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நானே செய்தது.

மேடம் பேனாவை எடுத்து அதையும் எழுதினார், பதினேழாவது கேள்விவரை என் தலை ஆடியது. “கடைசிக் கேள்வி. பத்து மாசம் நீ கூட இல்லன்னா எப்படிச் சமாளிப்பாங்க?”

“முடியாது மேடம்.”

வெளியாள் ஒருவரிடம் அவ்வளவு தெளிவாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அழகாகப் போட்டேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “நான் சொன்ன மாதிரிதான சொன்ன?”

“ம்.”

பஸ்ஸில் அம்மா கேட்டாள். “நான் சொன்ன மாதிரிதான சொன்ன?”

“ம்.”

இரண்டு பேருக்கும் ஒரே ‘ம்’ போதுமானதாக இருந்தது.

அறுபது நாளுக்குள் பதில் வரும் என்றிருந்தார்கள். அந்த நாட்களில் அக்கா என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தாள். விடுதிக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை ஒரு துண்டுத் தாளில் சாய்ந்த எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். போர்வை இரண்டு, பக்கெட், பூட்டு. பின்னல் போட அங்கே யாரைப் பிடிப்பது என்று யோசித்து, முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாள். “இனி அதுக்கும் நீ வேண்டாம்,” என்று தலையை ஆட்டிக் காட்டினாள். “சம்பளம் வந்ததும் முதல்ல உன்னை பரீட்சை எழுத வைக்கறேன். வீட்ல இருந்தே படிச்சு எழுதலாமாம். யாருக்கும் ‘உள்ளேன்’ சொல்ல வேண்டாம்.”

நான் தரையில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளினேன்.

நாற்பத்தோராவது நாள் கடிதம் வந்தது. அக்காவே பிரித்தாள். உறையைக் கட்டைவிரலால் மேசையில் அழுத்திக்கொண்டு ஓரத்தை இடது கையால் கிழித்தாள். முதல் தாளைச் சத்தமாகப் படித்தாள்.

‘தேர்வறையில் விண்ணப்பதாரரின் இடது கைச் செயல்திறன் மிக நன்றாக இருந்தபோதிலும், துணைக்கு வந்தவரின் வாக்குமூலத்தின்படி, அன்றாடத் தேவைகள் அனைத்துக்கும் பிறரைச் சார்ந்திருப்பவராகவும், தொடர்ந்து வேலை செய்ய இயலாதவராகவும் உள்ளதால், விடுதியுடன் கூடிய பயிற்சியால் பயனடையும் நிலையில் இல்லை என முடிவு செய்யப்படுகிறது. மறுப்பு இருப்பின் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.’

இரண்டாவது தாள் என் வாக்குமூலத்தின் நகல். அதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. பதினெட்டையும் மனசுக்குள் படித்தாள். அடியில் இருந்த என் கையெழுத்தையும் படித்தாள்.

“சரி விடு, நமக்கு அமையல,” என்றாள் அம்மா. குரலில் துக்கத்தை வரவழைக்கப் பார்த்து, முடியாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கடிதத்தை மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இடது கையை, மருத்துவக் குழுவுக்கு முன்னால் போடுகிற மாதிரி, தொங்கப் போட்டாள்.

“தண்ணி,” என்றாள்.

டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. வாயைத் திறந்து காட்டினாள். பிறகுதான் புரிந்தது. ஐந்தாவது கேள்வி.

மறுநாள் காலையில் குழாயடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பல் தேய்த்துவிட்டேன். பிரஷ் ஈறில் பட்டு ரத்தம் வந்தது. “மெதுவாம்மா,” என்றாள், மேடத்தின் குரலில். குளியலறையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு என் கையிலிருந்து வழுக்கி மூன்று தடவை விழுந்தது.

இரண்டாவது நாளிலிருந்து வார்த்தையும் நின்றுபோனது. எண் மட்டும்தான். “ஆறு,” என்றால் பொத்தான். “நாலு,” என்றால் ஊட்ட வேண்டும். “ஒன்பது,” என்றால் கழிப்பறை. ஒன்பதை வேண்டுமென்றே நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துச் சொன்னாள்.

“என்னடி நடிப்பு இது? இங்க எந்த டாக்டர் உக்காந்திருக்கான்?” என்று அம்மா கத்தினாள்.

“நீ சொல்லிக் கொடுத்ததுதான. நல்லா வருதா?”

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பொண்ணு இல்லன்னா இவ கதி என்ன? தெய்வம்டி நீ.”

“ஆமா அத்தை,” என்றாள் அக்கா, நான் ஊட்டிய வாயை மென்றுகொண்டே. “எழுதியே கொடுத்திருக்கா.”

ஒருநாள் கடைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே கீபோர்டின் சத்தம் கேட்டது. முன்பைவிட வேகம். மழைச் சரம் தகரத்தில் விழுவது மாதிரி இடைவெளியே இல்லை. நான் செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கு அது நின்றது. உள்ளே போனபோது கை தொங்கிக்கொண்டிருந்தது.

“பதினாலு,” என்றாள். மூக்கைச் சிந்திவிட வேண்டும்.

கடிதம் வந்த இருபத்திரண்டாவது நாள் என்னால் முடியவில்லை. மறுப்புக் கடிதத்தை நான்கு தடவை அடித்து எழுதினேன். ‘நான் அன்று சொன்னது பொய். தலை பின்னுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் அக்காவே செய்துகொள்வார். இப்போது முடியை வெட்டிக்கொண்டதால் அதுவும் தேவையில்லை.’ என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் கையெழுத்துக்கு இடம் விட்டு, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

முழுவதும் படித்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்க. பேசறதவிட எழுத நல்லா வருது உனக்கு. பொய்யும் சரி, உண்மையும் சரி.”

“கையெழுத்துப் போடுக்கா.”

“பதினொண்ணு. என்னால முடியாதே.”

“அக்கா, இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.”

“எனக்கு எண்ணத் தெரியும். ஏன் அப்படிச் சொன்ன?”

நான் கடிதத்தின் ஓரத்தை மடித்தேன்.

“அம்மா சொல்லிக் கொடுத்தாளா?”

“பாதி.”

“மீதி?”

தரையைப் பார்த்தேன். “மெஷின்,” என்றேன்.

அக்கா வலது கையைத் துப்பட்டாவிலிருந்து வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள். கட்டைவிரலும் அதற்குப் பக்கத்தில் தையல் போட்டு மூடிய மேடும். ஒரு வருடம் நான் கழுவித் துடைத்த கைதான். அன்றைக்குத்தான் அதன் பாரம் தெரிந்தது.

“நானும் பயந்துகிட்டுதான் போனேன்,” என்றாள். “அப்ப எனக்குப் பதிலா உக்கார யாரும் இல்ல. உனக்கு நான் இருந்தேன். வாழ்நாள் முழுக்க நான் இங்கயே இருக்கணும், நீ என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கணும். அதான?”

“இல்லக்கா.”

“அதான். சரி, கையெழுத்து வேணும்னா அம்மாகிட்ட போ. மெஷினுக்கு நான் வரேன்னு உன் வாயால சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா.”

அம்மா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். பின்னால் ஜன்னலில் அக்கா நிற்பது தெரிந்தது.

“அம்மா, நான் மெஷினுக்குப் போறேன்.”

என்ன, ஏது என்று அம்மா கேட்பாள் என்று நினைத்தேன். துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அப்பச் சரி. ஒரு பணம் போனா இன்னொரு பணம் வருதே. சூப்பர்வைசர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன், வேற யாரையாவது போட்டுடப் போறாரு.”

நான் உள்ளே திரும்பியபோது கடிதத்தில் அக்காவின் கையெழுத்து இருந்தது. கட்டைவிரலால் தாளை அழுத்திப் போட்டிருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேகமாக ஓடியிருந்தது.

மறுப்புக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் மேடம் மறுபடியும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா?”

“ஆமா மேடம்.”

“எதுக்கும்மா?”

மேடம் ‘காரணம் கூறவில்லை’ என்று எழுதிக்கொண்டார். இந்தத் தடவை பதினேழுக்கும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிவிட்டு, கடைசிக் கேள்விக்கு, “அவளே சமாளிச்சுக்குவா மேடம்,” என்றேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தகுதி உண்டு. திங்கட்கிழமை விடுதியில் சேர வேண்டும்.

எனக்கும் திங்கட்கிழமைதான்.

அன்று காலையில் அக்காவின் பெட்டி வாசலில் இருந்தது. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் எல்லாவற்றையும் அடித்திருந்தாள். கீபோர்டை எடுத்துக்கொள்ளவில்லை. அது என் பாயின் மேல் கிடந்தது. அம்மா, “நேரமாச்சுடி ஊமைக்கோட்டான்,” என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

நான் கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். யாரோ பெரிய ஆளுடையது. கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது.

“இங்க வா,” என்றாள் அக்கா. “கைய நீட்டு.”

நீட்டினேன். சட்டைக் கையை முழங்கைவரை இறுக்கமாக மடித்தாள். மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வாயில் கவ்வியிருந்த ஊக்கை இடது கையால் எடுத்துக் குத்தினாள். ஒரு பக்கம். மறுபக்கம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊக்கின் முனை ஒருமுறை என் தோலில் இறங்கியது. தெரியாமல் பட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கையை இழுக்கவில்லை.

“லூசா இருந்தா துணியப் பிடிச்சு இழுத்துக்கும். கால் பெடல்ல இருக்கறப்ப கை உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான்.” மடிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். “எனக்கு இத யாரும் சொல்லல.”

பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டாள். தெருமுனைவரை மூன்று பேரும் ஒன்றாக நடந்தோம். அங்கிருந்து அவள் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினாள். நானும் அம்மாவும் கம்பெனிப் பக்கம் திரும்பினோம்.